பெருச்சாளியைக் கோடையிலேயே பிடிக்க வேண்டும்

அரிமளம் ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகி தை மாதம் எழுதிய கடிதத்துக்கு இந்த வைகாசி இதழில் பதில் வருகிறது. தாமதம் வேண்டுமென்றே செய்யப்பட்டதுதான். தை மாதம் பதில் எழுதியிருந்தால் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பார்கள். அந்தக் கடிதத்தில் கேட்டிருக்கும் வேலையைச் செய்ய வேண்டிய நேரம் இப்போதுதான்.

அவருக்குக் கண்மாய்க்குக் கீழே ஒன்றேகால் ஏக்கர். சம்பா நெல். மார்கழியில் கதிர் பால் பிடித்த நாளிலிருந்து வயலின் நடுவில் பாய் விரித்த அளவுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பயிர் அறுபட்டுக் கிடந்திருக்கிறது. வரப்பு முழுக்க வளை. கடையில் ஒரு மருந்து வாங்கி அரிசியில் கலந்து வைத்திருக்கிறார். இரண்டு நாள் சில செத்தன, பிறகு தொடவே இல்லை. மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு கம்பி இழுத்து வயலைச் சுற்றிக் கட்டிவிட்டால் ஒரே ராத்திரியில் தீரும் என்று கொழுந்தனார் சொல்கிறாராம். விடியற்காலையில் தண்ணீர் பார்க்கப் போகிறவர் இந்த அம்மாதான். பின்னால் பிள்ளைகளும் ஓடி வரும். எனக்குச் சம்மதமில்லை, ஆனால் வேறு வழி சொல்லாமல் வேண்டாம் என்றால் வீட்டில் கேட்க மாட்டார்கள் என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

முதலில் அந்தக் கம்பி. எலிக்காக வயலில் மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு மாவட்டத்தில் இப்படிக் கட்டிய கம்பியில் ஆள் சாகிற செய்தி வருகிறது. பெரும்பாலும் சாகிறவர் திருடரோ வெளியாளோ அல்ல. கம்பி கட்டியவரே, அவர் மனைவி, பக்கத்து வயல்காரர், புல் அறுக்க வந்த பெண், இருட்டில் வரப்பில் நடந்த பிள்ளை. ஈர வயலில் செருப்பில்லாத காலோடு நிற்கிறவருக்கு வீட்டு மின்சாரமே எமன். உயிர் போனால் மின்சாரத் திருட்டு வழக்கோடு முடியாது, மரணம் விளைவித்த வழக்கும் சேரும். ஆடு மாடும் போகும். கம்பியைத் தொட்ட ஒன்றிரண்டு எலி சாகும், மற்றவை கம்பிக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு போகும். தோண்டுவதுதான் அதன் தொழில். கொழுந்தனாரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

இனி அந்தப் பிராணி. பெருச்சாளி என்று ஒரே பெயரில் சொன்னாலும் இரண்டு வகை உண்டு. வயலில் வளை தோண்டிக் கதிரை இழுத்துச் சேர்ப்பது சிறிய வகை. வேளாண்மைக் கையேடுகள் இதைக் கரம்பை எலி, வயல் எலி என்கின்றன. கால் கிலோவிலிருந்து 350 கிராம் வரை இருக்கும். மொத்தையான முகம், குட்டையான காது, உடம்பைவிட நீளம் குறைந்த வால். வால் உடம்பைவிட நீளமாக இருந்தால் அது வீட்டெலி. தென்னை மட்டையில் ஏறி இளங்காயைக் குடைவது பெரும்பாலும் அந்த நீள வால்காரன்தான், பெருச்சாளியின் மேல் பழி போடுவது நியாயமில்லை. இரண்டாவது, ஊருக்குள் மாட்டுக்கொட்டகை, சாக்கடை, குப்பைமேடு ஓரங்களில் இருக்கும் பெரிய பெருச்சாளி. நன்றாகத் தின்றது ஒரு கிலோ எடைக்கு வரும். முதுகில் கறுத்த முரட்டு மயிர் நிற்கும். மடக்கினால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றிபோல உறுமும். தெலுங்கில் இதற்குப் பந்திகொக்கு என்று பெயர். பந்தி என்றால் பன்றி. ஆங்கிலேயர் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டு பாண்டிகூட் என்றார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பையுள்ள, எலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பிராணிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மூஞ்சூறு வேறு. கூர்மூக்கு, கெட்ட வாடை, கீச்சென்ற சத்தம். அது எலி இனமே இல்லை. பூச்சியும் புழுவும் தின்று பிழைக்கிறது. அதை விட்டுவிடலாம்.

வயல் பெருச்சாளியின் பழக்கத்தில் விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று, நான்கு இருக்கின்றன. அது தனியாள். ஒரு வளையில் ஒன்று, அல்லது தாயும் குட்டிகளும். பெரிய ஆண் இரண்டை ஒரே கூண்டில் போட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆகவே பத்து வளை என்றால் ஏறக்குறைய பத்து குடித்தனம். வளை பொதுவாக ஒன்றரை, இரண்டு அடி ஆழத்தில் கிளை கிளையாக ஓடும். வைக்கோலும் புல்லும் மெத்தைபோல விரித்த ஓர் அறை, கதிர் சேர்க்கும் அறை, அவசரத்துக்குத் தப்பிக்க மண் மூடிய ஒரு வாசல். சேர்த்து வைக்கும் கதிர் ஒன்றிரண்டு கிலோ சாதாரணமாக இருக்கும், கூடவும் கிடைப்பதுண்டு. வளை வெட்டி எலி பிடிக்கிறவர்கள் அந்த நெல்லையும் கூலியோடு சேர்த்து எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து இருளர் குடும்பங்கள் பல அந்த நெல்லில் அடுப்பெரித்திருக்கின்றன.

இரவில்தான் நடமாட்டம். பகலில் வளைக்குள் போகும்போது வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். இது முக்கியமான செய்தி, இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். திறந்து கிடக்கும் பொந்தைப் பார்த்ததும் உள்ளே எலி இருக்கிறது என்று மருந்தைப் போடுகிறார்கள். வாசலில் சிலந்தி வலை பின்னிய, விளிம்பு காய்ந்த பொந்தில் பெரும்பாலும் யாரும் இல்லை. பக்கத்தில் புதுமண் குவிந்து, ஈரம் காயாமல், அடைத்த மாதிரி இருக்கிறதே, அதுதான் குடியிருக்கும் வீடு. சந்தேகமாக இருந்தால் சாயங்காலம் எல்லாப் பொந்தையும் சேறு வைத்து மிதித்து அடைத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். எது திறந்து புதுமண் தள்ளியிருக்கிறதோ அதில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்தால் போதும். வரப்பைச் சுற்ற அரை மணி நேரம். இதைச் செய்யாமல் மருந்துக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதி வீண்.

தின்பதைவிட வெட்டுவது அதிகம். நெற்பயிரைத் தரையிலிருந்து சில விரல் உயரத்தில் சாய்வாக, கத்தி வைத்தாற்போல வெட்டும். முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். வரப்போரத்தை விட்டு நடு வயலில்தான் சேதம் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பயிர் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், உள்ளே இறங்கினால்தான் வழுக்கை. தூர் கட்டும் பருவத்தில் வெட்டினால் பயிர் மறுபடி தழைத்துச் சரிக்கட்டும். தொண்டைக்கதிருக்குப் பிறகு வெட்டினால் அந்தத் தூர் போனதுதான்.

இப்போது பிறப்புக் கணக்கு. சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். ஓர் ஈற்றுக்கு 5 முதல் 10 குட்டி, சில சமயம் அதற்கும் மேல். குட்டி மயிரில்லாமல், கண் மூடிய நிலையில் பிறக்கும். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். ஒரு மாதத்தில் தாய்ப்பால் மறந்து தானே கொறிக்கும். மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஈன்ற ஓரிரு நாளிலேயே தாய் மறுபடி சினை பிடிக்கக்கூடியது. வயலில் பெரும்பாலானவை ஓராண்டுகூட வாழ்வதில்லை. பாம்பு, ஆந்தை, நரி, வெள்ளம், ஒன்றையொன்று கடித்துக்கொள்வது என்று பாதி போய்விடும். ஆனாலும் குறையாமல் இருப்பதற்குக் காரணம் அது சினை பிடிக்கும் நேரம்தான்.

எல்லா மாதமும் ஒரே அளவில் குட்டி போடுவதில்லை. தீனியைப் பார்த்துப் போடுகிறது. நெல் தூர் கட்டும்போது சினை எலி குறைவாகவே இருக்கும். பயிர் கதிர் உருவாக்கத் தொடங்கும்போதுதான் சினை பிடிப்பது கூடும். கண்மாய்ப் பாசனத்தில் ஆவணி, புரட்டாசியில் விதைத்த சம்பாவை எடுத்துக்கொண்டால், கார்த்திகையில் கதிர் உருவாகிறது, எலி சினையாகிறது. கார்த்திகைக் கடைசியில், மார்கழி முதலில் குட்டி போடுகிறது. மார்கழி முடியும்போது குட்டிகள் பால் மறந்து பல்லைத் தீட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. அப்போது கதிர் முற்றிக் கிடக்கிறது. யாரோ நாள் குறித்துக் கொடுத்ததுபோல இருக்கும். வாசகி மார்கழியில் பார்த்தது ஒரு தலைமுறை எலியை அல்ல, இரண்டு தலைமுறையை. புரட்டாசியில் அவர் வரப்பில் 5 பெண் எலி இருந்திருந்தால், ஈற்றுக்கு 7 குட்டி என்று வைத்துக்கொண்டாலும் தை மாதத்தில் 40 வாய். அந்த ஐந்தை முன்பே எடுத்திருந்தால் 40 வந்திருக்காது. 40 வந்த பிறகு 20-ஐக் கொன்றாலும் மீதி 20 தின்றுகொண்டுதான் இருக்கும்.

தீனிக்கும் பெருக்கத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு மிசோரம் ஓர் உதாரணம். அங்கே மலை முழுக்க உள்ள ஒருவகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பூத்துக் காய்க்கும். 1959-ல் அப்படிக் காய்த்தபோது விதையைத் தின்று எலி கணக்கில்லாமல் பெருகியது. விதை தீர்ந்ததும் வயலிலும் களஞ்சியத்திலும் இறங்கியது. பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காக ஏற்பட்ட அமைப்பே பிறகு அரசியல் கட்சியாகி 1966-ல் ஆயுதம் தூக்கியது, 1986-ல்தான் உடன்படிக்கை ஆனது. எலி ஒரு மாநிலத்தின் வரலாற்றையே திருப்பியிருக்கிறது. அரிமளத்தில் அப்படியொன்றும் நடக்காது. ஆனால் கணக்கு ஒன்றுதான்: தீனி குறைந்த காலத்தில் எலி குறைவு, தீனி வந்ததும் பெருகும்.

அப்படியானால் எலி மிகக் குறைவாக இருக்கும் மாதம் எது? சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் கடலையும் எடுத்து, வயல் வெடித்துக் கிடக்கும் சித்திரை, வைகாசி, ஆனி. வயலில் ஒன்றுமில்லை. மிஞ்சிய எலிகள் எங்கே போய் ஒண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்: கண்மாய்க்கரை, வாய்க்கால் ஓரம், சீமைக்கருவேலம் மண்டிய புறம்போக்கு, வைக்கோல் போர், கிணற்றுப் பாசனத்தில் பச்சை தெரியும் ஓரிரு கொல்லை. ஊர் எலி முழுக்க நாலைந்து இடத்தில் கூடியிருக்கும் நேரம். பசியோடும் இருக்கும். மற்றக் காலத்தில் கதிரை விட்டுவிட்டு யாரும் வைத்த அரிசியைத் தின்ன வராது, இப்போது வரும்.

இந்த வேலையைத் தனியாகச் செய்தால் பயனில்லை என்பதைத் தயவுசெய்து மனத்தில் வைக்க வேண்டும். காலி வளை கிடைத்தால் பக்கத்து எலி சில நாளில் குடியேறிவிடும். ஒருவர் தம் ஒன்றேகால் ஏக்கரைச் சுத்தம் செய்துவிட்டு, மேல்வயல்காரர் சும்மா இருந்தால் அவருக்கு எலி பிடித்துக் கொடுத்ததுபோலத்தான். ஒரு கண்மாயின் ஆயக்கட்டு முழுக்க ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். வாய்க்கால் வெட்ட, மடை பழுது பார்க்க ஊர் கூடுகிற நாளிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம். மண்வெட்டியோடு ஆள் வந்திருப்பார்கள், தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை. இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் நெல் எலிக்கு எதிராகச் செய்கிற முறையிலும் அடிப்படை இதுதான். ஊருக்கு நடுவில் ஒரு சிறிய வயலை மற்றவர்களைவிட இரண்டு மூன்று வாரம் முந்தி நட்டு, பிளாஸ்டிக் தாளால் சுற்றி அடைத்து, அடைப்பில் விட்ட ஓட்டைகளில் கூண்டு வைப்பார்கள். முந்திப் பயிர் வாடைக்கு ஊர் எலி வந்து விழும். செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். அங்கே இருப்பது வேறு வகை எலி என்பதால் அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் ஆயக்கட்டில் எல்லோருக்கும் பின்னால், கடைசியாக அறுக்கிற வயலுக்கு ஊர் எலி முழுக்க வந்து சேர்கிறது. விதைப்பு பத்துப் பதினைந்து நாளுக்குள் முடிந்தால் அந்தக் கஷ்டம் ஒருவர் தலையில் மட்டும் விழாது.

கண்மாய்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களை நம்பிப் பிழைக்கும் மாவட்டம். கரையில் பெருச்சாளி வளை இருந்தால் ஐப்பசியில் தண்ணீர் ஏறும்போது அந்த வழியே கசிந்து, மண்ணை அரித்து, ஒரு ராத்திரியில் உடைப்பாகிவிடும். உடைந்தால் எலி தின்ற நெல் ஒரு பொருட்டே இல்லை, வருஷத் தண்ணீரே போய்விடும். ஆகவே கோடையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கரை. ஆனால் எலியைப் பிடிக்கிறோம் என்று கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு கரையை வெட்டிவிடக் கூடாது. அது எலி செய்கிற வேலையை மனிதன் செய்து முடிப்பது. கரையில் புகை, கிட்டி, மருந்துக் கட்டி மட்டும். எலி இல்லை என்று உறுதியான பிறகு வளைக்குள் களிமண் சேற்றைக் கரைத்து ஊற்றி, இறுக்கிக் கெட்டிக்க வேண்டும். பெரிய வளையாக, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை போவதுபோலத் தெரிந்தால் கண்மாய் எந்தத் துறையின் பொறுப்போ, ஒன்றியமோ நீர்வளத் துறையோ, அங்கே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கரையிலும் வாய்க்காலிலும் உள்ள கருவேல மரத்தையும் புதரையும் எடுப்பது பாதி எலி வேலை முடிந்ததற்குச் சமம்.

வயல் வரப்பை வெட்டலாம், தாராளமாக. கோடை உழவோடு சேர்த்து வரப்பை வெட்டி வளையைக் குலைத்து, ஒன்றரை அடி அகலம், ஓர் அடி உயரத்துக்குக் குறுக்கிக் கட்ட வேண்டும். ஒல்லி வரப்பில் பெருச்சாளி அறை கட்ட முடியாது. அகல வரப்பு நடக்கச் சௌகரியம், வண்டி போகச் சௌகரியம், எலிக்கும் சௌகரியம். பாகப் பிரிவினையில் சண்டை வந்து யாரும் தொடாமல் விட்ட பொது வரப்பு ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும், அங்கேதான் பெரிய வளையும் இருக்கும். இரண்டு பக்கத்தாரும் எலி விஷயத்திலாவது ராசியாகலாம்.

பிடிக்கும் கருவிகளில் தஞ்சாவூர்க் கிட்டிக்கு நிகர் இல்லை. மூங்கிலை வளைத்த வில், நாண், ஒரு விசைக்குச்சி, பிசைந்த சோறோ பொரியோ இரை. எலி இரையை இழுத்ததும் விசை விடுபட்டு நாண் கழுத்தை இறுக்கும். மாலையில் வைத்து விடிந்ததும் எடுக்க வேண்டும். விஷம் இல்லை, மின்சாரம் இல்லை, நாயும் கோழியும் சாகாது. டெல்டாவில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் ஏக்கருக்கு 30, 40 கிட்டி வைத்து, பிடித்த எலிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த முதல் மாதத்தில் மறுபடி ஒரு சுற்று வைத்துவிட்டால் மார்கழிக்கு நிம்மதி. கதிர் வந்த பிறகு கிட்டியில் எலி குறைவாகத்தான் விழும்.

புகை போடுவது இன்னொரு முறை. பானையில் வைக்கோலும் சருகும் போட்டு நெருப்பிட்டு, வாயை வளையில் கவிழ்த்து, அடியில் போட்ட ஓட்டை வழியே வாயால் ஊதுவது இருளர் முறை. எலியும் சாகும், ஊதுகிறவர் மார்பும் புண்ணாகும். பின்னாளில் கையால் சுற்றும் சக்கரம் வைத்த இரும்புக் கருவி வந்தது. ஊதியே தீர வேண்டும் என்றால் அதைத் தேட வேண்டும், பானையை அல்ல. தப்பு வாசல்களை முதலில் கண்டுபிடித்து அடைக்காவிட்டால் புகை மட்டும்தான் உள்ளே இருக்கும்.

மருந்துக்கு வருவோம். வாசகி வைத்தது முதல் இரண்டு நாள் வேலை செய்து பிறகு நின்றுவிட்டது என்றால் அது துத்தநாகப் பாஸ்பைடாக இருக்க வேண்டும். சாகாமல் தப்பிய எலி அந்த வாடையை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி தொடாது. அதனால்தான் அதை ஒரு பருவத்தில் ஒரு தடவைக்கு மேல் வைப்பதில்லை. வைக்கும் முன் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத இரை வைத்துப் பழக்கவும் சொல்வார்கள். அதற்கு முறிவு மருந்து கிடையாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைக் கலக்கும் வேலையே வேண்டாம். புரோமடையலோன் 0.005 சதம் கலந்த மெழுகுக் கட்டி தயாராகக் கிடைக்கிறது. புதுமண் உள்ள ஒவ்வொரு வளைக்கும் 15 கிராம் அளவில், காகிதத்தில் சுற்றி, மண்ணை நீக்கி ஒரு முழம் உள்ளே தள்ளி, மேலே லேசாக மூட வேண்டும். கையில் உறை போட வேண்டும். வரப்பின் மேல் இறைக்கக் கூடாது. தின்ற எலி மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மெதுவாகச் சாகும், அதனால் மற்ற எலிக்குச் சந்தேகம் வராது. இதற்கு வைட்டமின் கே முறிவு மருந்தாக உண்டு. செத்த எலியை எடுத்து ஆழப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சாகும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வளையில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பயிற்சி பெற்ற ஆள் மேற்பார்வையில் மட்டும் கையாள வேண்டிய விஷவாயு, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை வாங்கும் முன் வேளாண் விரிவாக்க மையத்திலோ வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்திருக்கிறது, ஆனாலும் பழைய டியூப் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. தேங்காய்ச் சில்லிலும் வடையிலும் தடவி வைத்ததைப் பிள்ளை எடுத்துத் தின்றுவிட்டால் முதல் நாள் வாந்தி எடுத்து, இரண்டாம் நாள் நன்றாக விளையாடும். வீட்டில் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பார்கள். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். தின்றது தெரிந்த உடனே, பிள்ளை எப்படி இருந்தாலும், 108-ஐக் கூப்பிட்டு டியூப்பையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்றைக்கே பரணில் ஏறிப் பார்த்துவிடலாம்.

வாசகர் கேள்விகள்

கரும்பில், நெல்லில் குச்சி நட்டுப் பிளாஸ்டிக் பை கட்டினால் எலி பயப்படுமா?

இரண்டு மூன்று நாள் பயப்படும். பிறகு பழகிவிடும். அதே குச்சியைக் குறுக்குக் கட்டை வைத்து ஏக்கருக்கு 15, 20 இடத்தில் பயிரைவிட இரண்டடி உயரமாக நட்டால் ஆந்தையும் கூகையும் ராத்திரி உட்காரும். குட்டியையும் இளசையும் அவை நன்றாகப் பிடிக்கும். கதிர் வந்ததும் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் குருவி உட்கார்ந்து நெல் தின்னும். சாரைப்பாம்பு வளைக்குள்ளேயே போய்ப் பிடிக்கும். அதைக் கண்டவுடன் கம்பெடுப்பதை நிறுத்தினால் பாதி மருந்துச் செலவு மிச்சம்.

மாட்டுக்கொட்டகைத் தரையைப் பெருச்சாளி குடைந்துவிட்டது. கோழிக்குஞ்சும் காணாமல் போகிறது.

இது பெரிய வகை. கொட்டகையில் சிந்தும் தவிடு, கோழித்தீனி, பக்கத்துக் குப்பை, இந்த மூன்றும் இருக்கும்வரை ஒன்றைக் கொன்றால் இன்னொன்று வரும். தீனியை மூடி போட்ட டின்னில் வைக்க வேண்டும். இரும்புக் கூண்டில் சுட்ட கருவாடோ வறுத்த தேங்காயோ வைத்து, முதல் இரண்டு ராத்திரி கதவைக் கட்டிவைத்துப் பழக்கி, மூன்றாம் ராத்திரி விசையைப் போட வேண்டும். சுவர் ஓரம் இரண்டடி ஆழத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலையைப் புதைத்து மேலே கான்கிரீட் போட்டால் குடைவது நிற்கும். சாக்கடைக் குழாய் வாயில் கம்பி போட மறந்துவிடக் கூடாது.

களையெடுக்கப் போன பெண்களுக்குக் காய்ச்சல் வருகிறது. எலியால் என்கிறார்கள், உண்மையா?

உண்மையாக இருக்கலாம். எலியின் சிறுநீரில் உள்ள கிருமி வயல் தண்ணீரில் கலந்து, கால் வெடிப்பு, சேற்றுப்புண் வழியே உடம்பில் புகும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிலருக்கு மஞ்சள் காமாலை. தொடக்கத்திலேயே போனால் மாத்திரையில் தீரும், தாமதித்தால் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கும். மருத்துவரிடம் வயல் வேலை செய்வதை முதலிலேயே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் ஊசியோடு அனுப்பிவிடுவார்கள். காலில் புண் இருக்கும்போது சேற்றில் இறங்காமல் இருப்பதும், செத்த எலியை வெறுங்கையால் தூக்காமல் இருப்பதும் நல்லது. எலி கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வளை வெட்டி எலி பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் வயலுக்கு வருகிறார்கள். மருந்து வைத்திருக்கிறோம். என்ன செய்வது?

அவர்களிடம் வரப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த வயலில், எந்தத் தேதியில், என்ன மருந்து என்று மூன்றும். மருந்து வைத்த ஆயக்கட்டில் குறைந்தது ஒரு மாதத்துக்கு உண்பதற்காக எலி பிடிக்க விடக் கூடாது. அவர்கள் வருகிற ஊராக இருந்தால் முதலில் அவர்களை வெட்டிப் பிடிக்கவிட்டு, எஞ்சிய வளைக்கு மட்டும் பிறகு மருந்து வைப்பதே சரியான வரிசை. கூலியும் அவர்களுக்குக் கிடைக்கும், மருந்தும் கால்வாசிதான் தேவைப்படும்.